கலாதாவின் சரிவில் ஓர் ஆங்கிலிக்கன் ஆலயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இஸ்தான்புல்லில் கலாதா கோபுரத்துக்குச் சற்றுத் தொலைவில், செங்குத்தாக இறங்கும் ஒரு தெருவில், இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து பெயர்த்து வைத்ததைப் போன்ற ஓர் ஆலயத்தைக் கண்டேன். ‘கிரிமிய நினைவாலயம்’ என்றார்கள். சுல்தானின் தலைநகரில் ஆங்கிலேயருக்கு ஓர் ஆலயம் எப்படி வந்தது? அது அவர்கள் ஆண்ட ஊர் இல்லையே?

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் ஆலயம் என்றதும் நம் நினைவுக்கு வருவது, கோட்டைக்குள்ளோ கன்டோன்மென்ட்டிலோ ஆளுநரின் அதிகார நிழலில் எழுந்த ஆலயம்தான். இஸ்தான்புல்லில் ஆங்கிலேயர்கள் ஆள வந்தவர்கள் அல்லர். அனுமதி பெற்றுத் தங்கிய வணிகர்கள். அவர்கள் தொழுவதற்கும், இறந்தவரை அடக்கம் செய்வதற்கும், ஒரு சுவரை எழுப்புவதற்கும்கூட இன்னோர் அரசின் இசைவு வேண்டியிருந்தது. இந்த ஆலயத்தின் வரலாற்றில் நிகழ்ந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இதுவே அடிப்படை என்பது என் கருத்து.

உதுமானியப் பேரரசின் சுல்தான் மூன்றாம் முராத் 1580-ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்கு வணிகச் சலுகைகளை வழங்கினார். மறு ஆண்டில் முதலாம் எலிசபெத் அரசியார், பின்னாளில் லெவான்ட் கம்பெனி என்று அறியப்பட்ட நிறுவனத்துக்குப் பட்டயம் அளித்தார். 1583-இல் வில்லியம் ஹார்போர்ன் முதல் தூதராக வந்து சேர்ந்தார். அவர் அரசியாரின் தூதர் என்றாலும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனிதான். இந்த ஏற்பாடு 1804 வரை நீடித்தது. கம்பெனி சம்பளம் கொடுத்து அமர்த்தியவர்களின் பட்டியலில் சாப்ளின் எனப்படும் குருவும் இருந்தார். தூதர் மாளிகையில் ஒதுக்கப்பட்ட சிற்றாலயமே ஆங்கிலேயர் தொழும் இடமாக இருந்தது. சுல்தானின் அரசும் அந்நியர்கள் தங்கள் வளாகத்துக்குள் தங்கள் முறைப்படி வழிபடுவதை ஏற்றுக்கொண்டது. முஸ்லிம்களை மதம் மாற்ற முயல்வது மட்டும் அக்காலத்தில் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே, நீங்கள் பார்த்த கற்கட்டடம் எழுவதற்கு ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சபையின் வரலாறு தொடங்கிவிட்டது.

கேள்வி: துணியும் பட்டும் விற்கும் கம்பெனிக்குக் குருவானவர் எதற்கு? வெறும் சடங்குக்காகத்தானா?

பதில்: சடங்குக்காகவும்தான், அதை நாம் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. கொள்ளைநோய் திரும்பத் திரும்ப வந்த துறைமுக நகரங்களில், பெரும்பாலும் மணமாகாத இளைஞர்களாக வாழ்ந்த வணிகர்களுக்கு நோய்ப்படுக்கையில் ஜெபிக்கவும், இறந்தால் தம் முறைப்படி அடக்கம் செய்யவும் ஒருவர் தேவைப்பட்டார். வீட்டிலிருந்து பல மாதக் கடற்பயணத் தொலைவில் இருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அயல்நாட்டில் வேலை செய்யும் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்), ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்), சிரியாவின் அலெப்போ ஆகிய மூன்று நகரங்களுக்கும் கம்பெனி குருக்களை அனுப்பியது. விண்ணப்பித்தவர் லண்டனில் கம்பெனியின் உறுப்பினர்கள் முன்னிலையில் பிரசங்கம் செய்து காட்டிய பிறகே தேர்ந்தெடுக்கப்பட்டார். கணக்குப் பார்க்கும் வணிகர்கள் குருவையும் தரம் பார்த்தே எடுத்தார்கள் என்று கொள்ளலாம். அப்படிச் சென்றவர்களில் சிலர் அபாரமான கல்விமான்கள். 1630 முதல் 1636 வரை அலெப்போவில் இருந்த எட்வர்ட் போகாக் அங்கேயே அரபு மொழியை ஆழ்ந்து கற்றார், கையெழுத்துச் சுவடிகளைச் சேகரித்தார், நாடு திரும்பியதும் ஆக்ஸ்போர்டில் நிறுவப்பட்ட அரபுப் பேராசிரியர் பதவியின் முதல் பொறுப்பாளர் ஆனார். ஐரோப்பாவில் அரபியல் ஆய்வு வேரூன்றிய வரலாற்றை எழுதுபவர்கள் அவருடைய பெயரைத் தவிர்க்க முடியாது. அதே அலெப்போவின் குருவான ஹென்றி மான்ட்ரெல் 1697-இல் அங்கிருந்த ஆங்கிலேய வணிகர்களோடு எருசலேமுக்குப் பயணம் செய்து, வழியில் கண்டவற்றை அளந்தும் குறித்தும் எழுதிய குறிப்புகள் நெடுங்காலம் பயணிகளுக்கு வழிகாட்டின; அவர் 1701-இல் அலெப்போவிலேயே இறந்தார். 1670-களில் கான்ஸ்டான்டிநோபிளில் பணியாற்றிய ஜான் கோவெல் கிரேக்கத் திருச்சபையின் நம்பிக்கைகளை நேரில் ஆராய்ந்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியின் தலைவராக விளங்கினார்.

தாய்நாட்டில் கீழைக் கிறிஸ்தவர்களைப் பற்றியும் இஸ்லாமிய உலகைப் பற்றியும் பெரும்பாலும் செவிவழிச் செய்திகளே உலவிய காலத்தில், அவர்களோடு ஒரே ஊரில் வாழ்ந்து, அவர்கள் மொழியைக் கற்று, அவர்களிடமே கேட்டு எழுதிய இந்தக் குருக்களை நான் மிகவும் மதிக்கிறேன். வெளிநாட்டில் தனித்திருந்த ஒரு சிறிய சபை உலகுக்குத் தந்த கொடை இது.

கேள்வி: நினைவாலயம் என்கிறார்களே, யாருடைய நினைவுக்கு? போர் நடந்தது கிரிமியாவில் அல்லவா?

பதில்: ரஷ்யாவுக்கு எதிரான அந்தப் போர் நடந்தது கருங்கடலின் வடகரையில், ஆனால் காயமுற்றவர்களும் நோயாளிகளும் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டது பாஸ்பரஸ் நீரிணையின் ஆசியக் கரையிலுள்ள ஸ்கூடாரிக்கு, அதாவது இன்றைய உஸ்குதாருக்கு. 1854 நவம்பரில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் வந்திறங்கிய மருத்துவமனை அங்கிருந்த செலிமியே படைவீட்டில் இயங்கியது. அந்தப் போரில் உயிரிழந்த பிரிட்டிஷ் வீரர்கள் 20,000-க்கும் மேற்பட்டவர்கள்; அவர்களில் பெரும்பாலோர் எதிரியின் குண்டால் சாகவில்லை, காலராவும் பேதியும் காய்ச்சலும்தான் அவர்களைக் கொண்டுபோயின. மருத்துவமனையில் இறந்த ஆயிரக்கணக்கானோர் அருகிலேயே ஹைதர்பாஷா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். ஆகவே நினைவாலயத்துக்கு இந்த நகரத்தைத் தேர்ந்தது மிகவும் பொருத்தமான முடிவு.

1856 மார்ச் மாத இறுதியில் பாரிஸ் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, பிப்ரவரி 18 அன்று, சுல்தான் அப்துல்மெஜித் தம் ஆட்சிக்குட்பட்ட எல்லா மதத்தாருக்கும் சம உரிமையை உறுதியளிக்கும் ஆணையை வெளியிட்டிருந்தார். அந்த ஆணைக்குப் பின்னால் பிரிட்டிஷ் தூதர் ஸ்டிராட்ஃபோர்ட் டி ரெட்கிளிஃப் பிரபுவின் விடாப்பிடியான வற்புறுத்தல் இருந்தது. போரில் துருக்கியரும் ஆங்கிலேயரும் ஓரணியில் நின்றவர்கள் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஆலயத்துக்கான நிலத்தைச் சுல்தானே வழங்கினார். 1858 அக்டோபரில் ஸ்டிராட்ஃபோர்ட் அடிக்கல் நாட்டினார். அதுவரை தூதரக வளாகத்துக்குள் ஒதுங்கியிருந்த வழிபாடு, அதன் பிறகுதான் தெருவைப் பார்த்து நிற்கும் ஓர் ஆலயத்தைப் பெற்றது.

பணம் திரட்டும் பொறுப்பை இங்கிலாந்தில் ஏற்றது நற்செய்தி பரப்பும் சங்கம். இடையன்குடி, நாசரேத் வட்டார வாசகர்கள் எஸ்.பி.ஜி. என்ற பெயரில் அறிந்திருக்கும் அதே சங்கம்.

கேள்வி: அடிக்கல் 1858-இல், பிரதிஷ்டை 1868-இல் என்று படித்தேன். பத்து ஆண்டுகள் ஏன்?

பதில்: வரைபடமே மாறிப்போயிற்று. 1856-இல் கட்டடக் கலைஞர்களுக்கு ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. மேற்கு ஐரோப்பிய கோதிக் பாணியை அந்த ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாற்றி வரைய வேண்டும் என்பது நிபந்தனை. நாற்பதுக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டதில் முதற்பரிசு வில்லியம் பர்ஜெஸுக்கும் இரண்டாம் பரிசு ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட்டுக்கும் கிடைத்தன. பர்ஜெஸ் அப்போது முப்பது வயதைக்கூட எட்டாதவர். இத்தாலிய கோதிக் ஆலயங்களில் மனம் தோய்ந்து அவர் வரைந்த திட்டம் கண்ணைக் கவர்ந்தது, ஆனால் கையிலிருந்த பணத்துக்கு அடங்கவில்லை. சுருக்கச் சொன்னார்கள், சுருக்கினார், அப்படியும் இழுபறி தீரவில்லை. இறுதியில் 1860-களின் தொடக்கத்தில் அவரை விலக்கிவிட்டுப் பணியை ஸ்ட்ரீட்டிடம் ஒப்படைத்தனர். அவர் எளிமையான, உறுதியான, கல்லின் அழகை மட்டுமே நம்பிய ஓர் ஆலயத்தை எழுப்பினார். 1868 அக்டோபரில் ஜிப்ரால்டர் பேராயர் அதைப் பிரதிஷ்டை செய்தார்.

பர்ஜெஸின் திட்டம் நிறைவேறாமற்போனதைக் கட்டடக் கலை வரலாற்றாசிரியர்கள் பெரிய இழப்பாக எழுதுவதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. மசூதிகளின் குவிமாடங்களும் மினாரெட்டுகளும் வானத்தை ஆளும் நகரத்தில், சரிவில் ஒதுங்கி, மெலிந்த கோபுரத்தோடு நிற்கும் ஸ்ட்ரீட்டின் ஆலயத்துக்கு விருந்தினருக்குரிய அடக்கம் இருக்கிறது. உள்ளே நுழைந்து அதன் உயர்ந்த கூரையை அண்ணாந்து பார்க்கும்போதுதான் அது எத்தனை பெரியது என்பது தெரியும்.

கேள்வி: இஸ்தான்புல் ஆலயத்துக்கு ஜிப்ரால்டர் பேராயர் ஏன்? இரண்டுக்கும் இடையே முழு மத்தியதரைக் கடலும் கிடக்கிறதே?

பதில்: அந்தப் பேராயரின் பொறுப்பிலுள்ள பகுதியான ஜிப்ரால்டர் திருமண்டலமே கடலை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டதுதான். அதற்கு முன்பு, வெளிநாடுகளிலிருந்த ஆங்கிலேயச் சபைகள் பதினேழாம் நூற்றாண்டு முதல் லண்டன் பேராயரின் பொறுப்பில் இருந்தன. அவர் நேரில் வர முடியாது. பேராயர் மட்டுமே நடத்தக்கூடிய திடப்படுத்தல் சடங்கைப் பெறாமலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். 1842-இல் ஜிப்ரால்டர் திருமண்டலம் நிறுவப்பட்டு, மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த ஆங்கிலிக்கன் சபைகள் அதன்கீழ் கொண்டுவரப்பட்டன. பேராயர் ஆண்டின் பெரும்பகுதியைப் பயணத்திலேயே கழித்தார். மால்டாவின் வல்லெட்டாவில் அவருக்கு இன்னொரு பேராலயமும் இருந்தது. 1838-39 குளிர்காலத்தில் அங்கு தங்கிய மறைந்த மன்னர் நான்காம் வில்லியமின் துணைவியார் அடிலெய்ட் அரசியார், ஆங்கிலிக்கர்களுக்கு முறையான ஆலயம் இல்லாததைக் கண்டு தம் சொந்தச் செலவில் கட்டுவித்தது அது. 1980-இல் வட ஐரோப்பியச் சபைகளும் இணைக்கப்பட்டு, இன்றைய ஐரோப்பியத் திருமண்டலம் உருவாயிற்று.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1825-இல் லெவான்ட் கம்பெனி கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், வெளிநாட்டுத் துறைமுகங்களில் வாழும் குடிமக்கள் ஆலயத்துக்கும் குருவின் ஊதியத்துக்கும் திரட்டும் தொகைக்குச் சமமான தொகையை அரசும் தரலாம் என்று வகை செய்தது. இந்த உதவி பிற்பாடு நிறுத்தப்பட்டபோது பல சபைகள் திணறின.

கேள்வி: மற்ற நாடுகளிலும் இவ்வாறே இடம் கிடைத்ததா? கிறிஸ்தவ நாடுகளில் எளிதாக இருந்திருக்கும் என நினைக்கிறேன்.

பதில்: பல இடங்களில் நேர்மாறாக இருந்தது. கத்தோலிக்க நாடுகள் ஆங்கிலிக்கர்களைச் சமயப் புரட்டர்களாகக் கருதின. சுல்தானுக்கு அந்தப் பூசலில் அக்கறை இல்லை. போர்ச்சுகலில் 1654-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஆங்கிலேயர் தம் வீட்டுக்குள் வழிபடும் உரிமையை அளித்தது. லிஸ்பனில் அவர்கள் முதலில் முறையாகப் பெற்றது கல்லறைத் தோட்டம்தான். நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் 1754-இல் அங்குதான் அடக்கம் செய்யப்பட்டார். திராட்சை மது வணிகர்கள் நிறைந்த போர்ட்டோவில் 1815-க்கும் 1818-க்கும் இடையே ஆலயம் எழுந்தபோது, வெளியிலிருந்து பார்த்தால் ஆலயம் என்று தெரியாதவாறு கோபுரமும் மணியும் இன்றி, உயர்ந்த மதிலுக்குப் பின்னால் கட்டினார்கள். போப்பரசர் ஆண்ட ரோமாபுரியில் ஆங்கிலேயர் நகர மதிலுக்கு வெளியேதான் கூட முடிந்தது. 1870-இல் இத்தாலியப் படைகள் நகருக்குள் நுழைந்த பிறகே மதிலுக்குள் ஆலயங்கள் எழும்பின. அவற்றில் இரண்டை வரைந்தவர் நம் ஸ்ட்ரீட்தான்: ஒன்று அமெரிக்க எபிஸ்கோப்பல் சபைக்கு, மற்றொன்று ஆங்கிலேயருக்கு.

மாஸ்கோவின் கதை தனி. அங்குள்ள புனித அந்திரேயா ஆலயம் 1884-இல் திறக்கப்பட்ட செங்கற்கட்டடம். ஆலைகளிலும் வணிகத்திலும் ஈடுபட்டிருந்த ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் அதைக் கட்டினார்கள். 1917 புரட்சியில் அதன் கோபுரம் இயந்திரத் துப்பாக்கிக்கு மேடையாயிற்று. 1920-இல் குரு நாட்டைவிட்டு வெளியேறினார், சபை கலைந்தது, பின்னாளில் சோவியத் இசைத்தட்டு நிறுவனமான மெலோடியா அங்கே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தது. ஆலயத்தின் எதிரொலிப்பு இசைக்கு அவ்வளவு இசைவாக இருந்தது. 1991-இல் ஆராதனை மீண்டும் தொடங்கியது. 1994-இல் ரஷ்யா சென்ற இரண்டாம் எலிசபெத் அரசியார் அங்கும் போனார்.

கேள்வி: இன்று இஸ்தான்புல் ஆலயத்துக்கு யார் வருகிறார்கள்? ஆங்கிலேயர் அங்கே இன்னும் இருக்கிறார்களா?

பதில்: தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த பழைய சமூகம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. 1914-இல் பிரிட்டனும் உதுமானியப் பேரரசும் எதிரெதிர் அணிகளில் போரில் இறங்கின. 1923-இன் லொசான் உடன்படிக்கை, முராத் காலத்திலிருந்து வந்த அந்நியர் சலுகைகளை முற்றிலுமாக நீக்கியது. தலைநகரும் அங்காராவுக்குப் போயிற்று, தூதரகமும் பின்தொடர்ந்தது. 1932-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் பல தொழில்களைத் துருக்கியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை என்று வரையறுத்தது. தம் மண்ணின் பொருளாதாரத்தைத் தம் மக்கள் கைக்குக் கொண்டுவர ஒரு புதிய குடியரசு விரும்பியதில் தவறு காண முடியாது. ஆனால் சலுகைகளின் மீது கட்டப்பட்டிருந்த ஒரு சமூகம் அவை போனதும் தேயத் தொடங்கியது. பிள்ளைகள் வெளியேறினார்கள், முதியவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். 1970-களில் ஆலயம் பூட்டப்பட்டது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் இந்த வரலாற்றின் தலையாய பகுதியாகக் கருதுகிறேன். 1991-இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது, பாழடைந்து கிடந்த கட்டடத்தைத் துப்புரவாக்கிச் செப்பனிட்டதில் இலங்கையிலிருந்து ஓடிவந்து அங்கே அடைக்கலம் பெற்றிருந்த அகதிகளின் கைகளும் உழைத்தன. விக்டோரியா காலத்து வீரர்களுக்காக எழுப்பிய மண்டபத்தை, போருக்குத் தப்பி வந்த வேறொரு மக்கள் உயிர்ப்பித்தார்கள். இன்று அங்கே கூடும் சபையில் பல நாட்டினர் கலந்திருக்கிறார்கள். ஆராதனை மொழி ஆங்கிலம். ஆனால் அது பலருக்குத் தாய்மொழி அல்ல.

ஆலயம் ‘தன் மக்களை’ இழந்துவிட்டது என்று இரங்குவோரின் கருத்தோடு என்னால் உடன்பட முடியவில்லை. அந்நிய மண்ணில் தங்க நேர்ந்தவர்களுக்காகவே அது தொடங்கப்பட்டது. அந்த வகையில் இப்போது வருகிறவர்களும் அதன் சொந்த மக்களே.

கேள்வி: குடும்ப வரலாற்றை ஆராயும் ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன். இத்தகைய ஆலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை எங்கே பார்க்கலாம்?

பதில்: லெவான்ட் கம்பெனியின் ஆவணங்கள் லண்டனை அடுத்த கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், அரசுத் தாள்களின் வரிசையில் இருக்கின்றன. லண்டன் பேராயரின் பொறுப்பில் இருந்த வெளிநாட்டுச் சபைகளிலிருந்து அனுப்பப்பட்ட பதிவுகள், முன்பு கில்ட்ஹால் நூலகத்தில் இருந்தவை, இப்போது லண்டன் ஆவணக் காப்பகத்தில் (2024 வரை லண்டன் மாநகர ஆவணக் காப்பகம் எனப்பட்டது) உள்ளன. திருமணத்தைத் தேடுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1849-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கான்சல் எனப்படும் துணைத்தூதர் முன்னிலையிலும் திருமணங்கள் பதிவாயின, ஆகவே ஆலயப் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் கான்சலின் பதிவுகளையும் பார்த்துவிட வேண்டும். அடக்கங்களுக்கு, ஏட்டில் கிடைக்காத பெயர் ஹைதர்பாஷா கல்லறைத் தோட்டத்தில் கல்லில் கிடைத்தாலும் கிடைக்கலாம்; போர்வீரர்கள் மட்டுமன்றி, நகரில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்களும் அங்கே அடக்கமாகியிருக்கின்றன.